சொந்தக் கிளையா, ஃபிரான்சைஸா: இன்-அண்ட்-அவுட் போன வழியும் மெக்டொனால்ட்ஸ் போன வழியும்

தெற்குக் கலிபோர்னியாவில் நானும் என் கூட்டாளியும் இரண்டு சிறிய பர்கர் கடைகளை நடத்திவந்தோம். மூன்றாவதைத் திறக்கும் நேரத்தில், எங்கள் பெயரில் தம் முதலீட்டில் கடை நடத்த ஒருவர் முன்வந்தார். பணம் அவருடையது, பெயரும் செய்முறையும் எங்களுடையவை. இதைத்தான் ஃபிரான்சைஸ் என்கிறார்கள். ஒப்புக்கொண்டோம். 14 மாதங்களுக்குப் பிறகு அந்தக் கடையை நாங்களே திரும்ப வாங்கிக்கொண்டோம்; நான்காவது கடையைச் சொந்தக் கடனில் திறந்தோம். ஆகவே இந்த ஒப்பீட்டை நான் நடுநிலையாளனாக எழுதவில்லை. ஒரு வட்டாரத்துக்குள் வளரும் துரித உணவு நிறுவனத்துக்குச் சொந்தக் கிளைகளே ஏற்றவை என்பது என் முடிவு.

இந்த இரண்டு வழிகளையும் ஒப்பிடக் கலிபோர்னியாவை விடப் பொருத்தமான இடம் இல்லை. 1948-இல் பால்ட்வின் பார்க்கில் ஹாரி ஸ்னைடரும் அவர் மனைவி எஸ்தரும் இன்-அண்ட்-அவுட் என்ற பர்கர் நிறுவனத்தின் முதல் கடையைத் திறந்தார்கள். காரில் இருந்தபடியே ஒலிபெருக்கி வழியாக உணவைச் சொல்லி வாங்கிச் செல்லும் கடை அது. அதே 1948-இல், ஒரு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் இருக்கும் சான் பெர்னார்டினோவில், மெக்டொனால்ட் சகோதரர்கள் தங்கள் கடையை மூடிச் சீரமைத்து, குறைந்த பண்டங்களை வேகமாகத் தரும் புதிய முறையைத் தொடங்கினார்கள். ஏறத்தாழ ஒரே மண்ணில், ஒரே ஆண்டில், ஒரே பண்டத்தை நம்பி எழுந்த இரண்டு கடைகள் அவை. மெக்டொனால்ட்ஸை ஃபிரான்சைஸ் வழியில் பரப்பிய ரே க்ராக் 1955-இல் இல்லினாய் மாநிலத்தில் தமது முதல் மெக்டொனால்ட்ஸைத் திறந்து, 1961-இல் சகோதரர்களிடமிருந்து நிறுவனத்தை 27 லட்சம் டாலருக்கு வாங்கினார். 1968-இல் அது ஆயிரமாவது கடையை எட்டிவிட்டது. ஹாரி ஸ்னைடர் 1976-இல் மறைந்தபோது இன்-அண்ட்-அவுட்டுக்கு இருந்தவை 18 சொந்தக் கடைகள்.

வேகத்தில் ஃபிரான்சைஸை வெல்ல முடியாது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன. பிறர் முதலீட்டில் கடை எழுவதால் தலைமை நிறுவனத்தின் கடன்சுமையும் குறைகிறது. அமெரிக்காவில் ஃபிரான்சைஸ் விற்பதற்குச் சட்ட வேலை சற்று அதிகம்: ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்குக் குறைந்தது 14 நாள்கள் முன்பே விவர ஆவணத்தைத் தந்தாக வேண்டும், கலிபோர்னியாவில் மாநில அரசிடம் பதிவும் தேவை. ஒரு நல்ல வழக்கறிஞர் இருந்தால் இவை தீரக்கூடிய சிக்கல்களே.

தீராத சிக்கல், ராயல்டி, அதாவது பெயரைப் பயன்படுத்துவதற்காகக் கடைக்காரர் தலைமை நிறுவனத்துக்குத் தரும் பங்கு, எதன்மேல் கணக்கிடப்படுகிறது என்பதில் இருக்கிறது. அது விற்பனையின் மேல் வருகிறது, லாபத்தின் மேல் அல்ல. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் நெடுங்காலம் 4 சதவீதம் வாங்கியது. 2024 முதல் புதிதாகத் திறக்கும் கடைகளுக்கு அதை 5 ஆக்கியது. நாங்கள் பேசியதும் 5 சதவீதமே. கையெழுத்திட்ட அன்று அது எனக்கு வெறும் கணக்காகத் தெரிந்தது. எங்கள் வருமானம் கடையில் எவ்வளவு விற்கிறது என்பதைப் பொறுத்தது. கடைக்காரரின் வருமானமோ விற்றதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தது. இந்த இரண்டும் ஒன்றல்ல என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பொரிக்கும் எண்ணெய்ச் சட்டி.

ஏழாவது மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் சொல்லாமல் அந்தக் கடைக்குப் போனேன். எண்ணெய், நீண்ட நேரம் கொதித்த தேநீரின் நிறத்தில் இருந்தது. ஓரங்களில் சிறு நுரை நின்று அடங்க மறுத்தது. கூடையிலிருந்து எடுத்த உருளைக்கிழங்கு வெளியே கருத்து, உள்ளே ஊறிப்போய் இருந்தது. எங்கள் இரண்டு கடைகளிலும் அந்த எண்ணெயை இரண்டு நாள்களுக்கு முன்பே கொட்டியிருப்போம். கடைக்காரர் நேர்மையற்றவர் அல்லர். காலை ஆறு மணிக்கு வந்து இரவு வரை நிற்பவர். அவர் மறைக்காமல் சொன்னார்: "எண்ணெய்க்கான செலவு என் கையிலிருந்து போகிறது. மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் உங்கள் ஐந்து சதவீதம் உங்களுக்கு வந்துவிடும்." எனக்குப் பதில் வரவில்லை. கெட்ட எண்ணெயில் பொரித்ததைத் தின்ற வாடிக்கையாளர் அவருடைய கடையை மட்டும் வெறுப்பதில்லை, எங்கள் பெயரை வெறுத்து, மற்ற இரண்டு கடைகளுக்கும் வராமல் போகிறார். சேமிப்பு அவருக்குச் சேர்ந்தது, இழப்பு எல்லோருக்கும் பங்கானது.

இன்-அண்ட்-அவுட்டின் உத்தியை இந்த எண்ணெய்ச் சட்டியின் பக்கம் நின்று பார்த்தபோதுதான் எனக்கு அது விளங்கியது. அவர்கள் ஃபிரான்சைஸ் கொடுப்பதே இல்லை. கடைகளில் உறைபெட்டியோ மைக்ரோவேவோ கிடையாது. உருளைக்கிழங்கை அந்தந்தக் கடையிலேயே முழுதாக வைத்து, கைப்பிடியை அழுத்தி வெட்டிப் பொரிக்கிறார்கள். அப்படிப் பச்சையாக வெட்டி ஒரே முறை பொரித்த கிழங்கு விரைவில் தளர்ந்துபோகிறது என்ற குறை பலருக்கு உண்டு, எனக்கும் உண்டு. ஆனால் இவ்வளவு கைவேலை தேவைப்படும் சமையலை, செலவைக் குறைக்கக் காரணம் உள்ள ஒருவரிடம் ஒப்படைக்க முடியாது. செலவும் லாபமும் நற்பெயரும் ஒரே பணப்பைக்குள் இருந்தால்தான் எண்ணெய் உரிய நாளில் மாறும். அந்தப் பணப்பையின் சாவியை வைத்திருப்பவர் கடை மேலாளர் என்பதால், அவரை வளர்ப்பதில் நிறுவனம் செலவிடுகிறது: 1984-லேயே மேலாளர்களுக்கெனப் பயிற்சி நிலையம் ஒன்றைப் பால்ட்வின் பார்க்கில் தொடங்கினார்கள். அங்குள்ள மேலாளர்கள் ஆண்டுக்கு 1,60,000 டாலருக்கு மேல் ஈட்டுவதாக 2018-இல் செய்திகள் வந்தபோது பலர் வியந்தார்கள். எனக்கு அது நியாயமான விலையாகவே தெரிகிறது. ராயல்டி வாங்குவதற்குப் பதிலாகச் சம்பளம் கொடுத்து, அதே அக்கறையை அவர்கள் வாங்குகிறார்கள்.

மெக்டொனால்ட்ஸ் இந்தச் சிக்கலை அறியாத நிறுவனம் அன்று. க்ராக்கின் நிதி ஆலோசகர் ஹாரி சோன்போர்னின் யோசனைப்படி 1956 முதல், நிலத்தைத் தானே வாங்கியோ நீண்ட குத்தகைக்கு எடுத்தோ கடைக்காரருக்கு வாடகைக்கு விட்டது. தரம் தாழ்ந்தால் குத்தகையைக் கொண்டே அவரை வெளியேற்ற முடிந்தது. இன்று அதன் கடைகளில் ஏறத்தாழ 95 சதவீதம் ஃபிரான்சைஸ் ஆக இருந்தும் ஊருக்கு ஊர் ஒரே சுவை கிடைப்பதற்கு அந்தப் பிடி ஒரு பெரிய காரணம். ஆனால் நிலம் இல்லாமல் அந்தப் பிடி இல்லை. எங்களைப் போன்றவர்களிடம் இருப்பது ஒப்பந்தத் தாள் மட்டுமே. ஒரு சட்டி எண்ணெய்க்காக நீதிமன்றம் போக யாராலும் முடியாது. ஃபிரான்சைஸ் எளிய வழி என்று நம்பும் சிறு நிறுவனங்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

இரண்டுக்கும் நடுவில், சிக்-ஃபில்-ஏ என்ற அமெரிக்கக் கோழி உணவு நிறுவனத்தின் முறை ஒன்று இருக்கிறது. கடை நடத்துபவரிடம் தொடக்கத்தில் 10,000 டாலர் மட்டும் வாங்கிக்கொண்டு, இடம், கட்டடம், கருவிகள் எல்லாவற்றையும் நிறுவனமே தந்து, விற்பனையில் 15 சதவீதத்தையும் எஞ்சும் லாபத்தில் பாதியையும் எடுத்துக்கொள்கிறது. லாபத்திலும் பங்கு இருப்பதால் இரு தரப்பின் நோக்கமும் நெருங்கிவருகிறது என்று நினைக்கிறேன். ஆனால் நான் அதை நடத்திப் பார்த்தவனல்லன். கடைக்கு ஆகும் முழு முதலும் நிறுவனத்தின் தலையில் விழுவதால், எங்களுக்கு அது சொந்தக் கிளையை விட எளிதாக இருந்திருக்காது என்பதை மட்டும் சொல்ல முடியும்.

சொந்தக் கிளைக்குக் கொடுக்கும் விலை நேரம். இறைச்சியை உறைய வைக்காமல் தருவதால், தங்கள் இறைச்சிக்கூடத்திலிருந்து ஒரு நாள் லாரி ஓட்டத்துக்கு அப்பால் இன்-அண்ட்-அவுட் கடை வைப்பதில்லை. 1992-இல் லாஸ் வேகஸில் திறந்ததே கலிபோர்னியாவுக்கு வெளியே அவர்களின் முதல் கடை. டெக்சாஸுக்கு 2011-இல் போனபோது டாலஸிலும், கொலராடோவுக்கு 2020-இல் போனபோது கொலராடோ ஸ்பிரிங்ஸிலும் புதிய கூடங்களைக் கட்டிய பிறகே கடைகளைத் திறந்தார்கள். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் கடைகள் சில நூறுகளில்தான் இருக்கின்றன. பங்குச் சந்தைக்குப் போகாத குடும்ப நிறுவனம் என்பதால் அவர்களால் பொறுத்திருக்க முடிகிறது. அவசரமான முதலீட்டாளர்களை வைத்துக்கொண்டு இதே வழியில் நடக்க முடியுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. குடும்பத்தில் அடுத்து யார் என்ற கேள்வியும் சிறியதன்று: ஹாரியின் மகன் ரிச் ஸ்னைடர் 1993-இல் விமான விபத்திலும், அவர் அண்ணன் கய் 1999-இலும் மறைந்தபின், நிறுவனம் 2010-இல்தான் கயின் மகள் லின்சியின் தலைமைக்கு வந்தது. நான்கு கடை வைத்திருக்கும் நான் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லத் தகுதியுள்ளவனல்லன்.

எங்கள் நான்காவது கடை, முதல் கடையிலிருந்து 25 நிமிடக் கார்ப் பயணத்தில் இருக்கிறது. வேண்டுமென்றே அந்தத் தொலைவுக்குள் இடம் தேடினோம். அதன் மேலாளர், முதல் கடையில் வெங்காயம் நறுக்கத் தொடங்கிய பெண். விற்பனையில் அல்லாமல் கடையின் லாபத்தில் அவருக்கு ஒரு பங்கு வைத்திருக்கிறோம். எண்ணெய் மாற்றும் நாளை அவரே தீர்மானிக்கிறார். இதுவரை நான் போய்ப் பார்த்த எந்த நாளிலும் அது தாமதமாகவில்லை. கடன் இன்னும் பாதிக்கு மேல் நிற்கிறது. ஐந்தாவது கடைக்கு நல்ல இடம் ஒன்று வந்தும் இந்த ஆண்டு வேண்டாம் என்று விட்டோம், அதை நடத்தும் அளவுக்கு எங்களிடம் வேலை கற்றவர் இன்னும் உருவாகவில்லை.