எங்க சின்ன சிட்டி போலீஸ் சர்வீஸ்: என் அனுபவம், 3.5 ஸ்டார்

ஹோட்டலுக்கும் மொபைலுக்கும் ரிவ்யூ போடுறோம், நம்ம உயிருக்கும் வீட்டுக்கும் காவல் இருக்குற சர்வீஸ பத்தி யாரும் உருப்படியா எழுதுறதில்ல, அதான் எழுதுறேன். இங்க அமெரிக்காவுல சின்ன ஊருக்கும் தனி போலீஸ் இருக்கும், எங்க சிட்டி போலீஸ்ல மொத்தமே 30 பேர். 3.5 ஸ்டார் குடுக்கறேன், ஆனா குறைச்ச ஒன்றரை ஸ்டாருக்கு ராத்திரி டூட்டி பாக்குறவங்க காரணமே இல்ல, அத முதல்லயே சொல்லிடறேன்.

போன வருஷம் ஒரு நாள் ராத்திரி ரெண்டேகால் மணி, பின்பக்க ஜன்னல உடைக்கிற சத்தம். ஃபோன் பண்ணேன், எடுத்தவங்க ரொம்ப நிதானமா "ரூம பூட்டிக்கிட்டு உள்ளயே இருங்கம்மா, லைன கட் பண்ணாதீங்க"ன்னு சொல்லி கடைசி வரைக்கும் பேசிட்டே இருந்தாங்க. போலீஸ் வண்டி வர 26 நிமிஷம் ஆச்சு. உள்ள பூந்தவன் அதுக்குள்ள பையோட போயிட்டான். ஏன் இவ்ளோ லேட்டுன்னு கேட்டேன், ஊர் முழுக்க அன்னிக்கு ரெண்டே வண்டி, ரெண்டுமே ஒரு ஆக்சிடென்ட்ல நின்னுட்டு இருந்துச்சாம்.

வந்தவர் ஒரே ஆள். ஃபோட்டோவும் அவரே, கைரேகையும் அவரே, தடயம் எடுக்கன்னு தனி டீம் எல்லாம் கிடையாது. கருப்பு பவுடர பிரஷ் நுனியில தொட்டு ஜன்னல் கண்ணாடியில பூ மாதிரி சுத்தி சுத்தி தடவுனாரு, ஒரு ரேகை தெளிவா தெரிஞ்சதும் டேப் ஒட்டி உரிச்சு வெள்ளை கார்டுல பதிச்சு எந்த ஜன்னல், உள்பக்கமா வெளிப்பக்கமான்னு எழுதி தேதி போட்டு கையெழுத்து போட்டாரு. இதுக்குள்ள ரேடியோல மூணு தடவ கூப்பிட்டாங்க. ஒவ்வொரு தடவையும் "அஞ்சு நிமிஷம்"னு சொல்லிட்டு வேலைய அரைகுறையா விடாம முடிச்சாரு. இந்த மனுஷனுக்கு மட்டும்னா 5 ஸ்டார்.

அதுக்கப்புறம் தான் கஷ்டம். டிடெக்டிவ் எனக்கு ஃபோன் பண்ணது 19 நாள் கழிச்சு. இருக்குறதே ரெண்டு டிடெக்டிவ், ஒருத்தர் லீவு, இன்னொருத்தர் கையில என்னோடது மாதிரி எத்தனையோ கேஸ். பக்கத்து தெருவுல ஒரு கடை கேமரா இருந்துச்சு, அவரு போறதுக்குள்ள அந்த ரெக்கார்டிங் தானா அழிஞ்சு போச்சு. எனக்கு இன்னமும் ஆறல.

கொஞ்ச நாள் கழிச்சு ஸ்டேஷன்ல பொதுமக்கள கூப்பிட்டு எல்லாத்தையும் சுத்தி காட்டுனாங்க, அங்க போய் கேட்டு தான் கணக்கு புரிஞ்சுது. வாரத்துக்கு 168 மணி நேரம், ஒருத்தர் வேலை பாக்குறது 40. லீவு, ட்ரெயினிங், கோர்ட், உடம்பு சரியில்லாத நாள் எல்லாம் போக ஒரு சீட்டுல 24 மணி நேரமும் ஆள் இருக்கணும்னா கிட்டத்தட்ட 5 பேர் வேணும். 30ல சீஃப், ரெண்டு மேலதிகாரி, நாலு ஷிஃப்ட் சார்ஜென்ட், ரெண்டு டிடெக்டிவ், ஸ்கூலுக்கு ஒருத்தர், போதைப்பொருள் டீமுக்கு அனுப்புனவர் ஒருத்தர், போலீஸ் நாயோட ஒருத்தர்னு 12 பேர் போயாச்சு. மிச்சம் 18, அதுலயும் ரெண்டு பேர் புதுசா சேந்து ட்ரெயினிங்ல, ஒருத்தருக்கு கால்ல அடி. 15ஐ 5ஆல வகுத்தா ஒரு நேரத்துல ரோந்துல மூணு பேர், அன்னிக்கு திடீர்னு ஒருத்தருக்கு காய்ச்சல்னா ரெண்டு. என் வீட்டுக்கு 26 நிமிஷம் ஆனது இப்படித்தான்.

அந்த நாய் ரொம்ப அழகு, காணாம போன குழந்தைய தேட இத விட நல்ல துணை இல்ல, அத நான் குறைச்சு சொல்லல. ஆனா நாய பழக்கத்துல வெச்சிருக்கவே மாசம் 16 மணி நேரம் பயிற்சின்னு கணக்கு வெப்பாங்க, அந்த நேரம் பேட்ரோல்ல ஒரு ஆள் கம்மி. ஸ்வாட் டீம், அதாவது பணயக்கைதி, துப்பாக்கியோட ஒளிஞ்சிருக்குறவன் மாதிரி ஆபத்தான கேஸுக்குன்னு பழக்குன ஆயுத டீம், அது வேற ஆரம்பிக்கணும்னு இப்ப பேச்சு அடிபடுது. லாஸ் ஏஞ்சலஸ் மாதிரி பெரிய ஊர்லயே 1960கள்ல ஸ்வாட் ஆரம்பிச்சப்போ அதுல இருந்தவங்க வழக்கமான டூட்டிய பாத்துக்கிட்டே தேவைப்படும்போது தான் வந்தாங்க, அப்ப 30 பேர் டிபார்ட்மெண்டுக்கு எதுக்கு தனியா? நாலஞ்சு சிட்டி சேந்து ஒரு நாய், ஒரு டீம்னு வெச்சுக்கலாமே.

ஒன்னு மட்டும் மனசார பாராட்டறேன். மனநல பிரச்சனையில தவிக்கிறவங்கள எப்படி பேசி அமைதிப்படுத்தணும்னு பேட்ரோல் ஆளுங்கள்ல ஆறு பேருக்கு 40 மணி நேர பயிற்சி குடுத்திருக்காங்க. மெம்ஃபிஸ்ல 1988ல ஆரம்பிச்ச முறை இது, இதுக்குன்னு ஆள பிரிச்சு உக்கார வெக்கிறதில்ல, அதே ஆளு அதே வண்டியில ரோந்துல தான் இருப்பாரு, கால் வந்தா அவர அனுப்புவாங்க. சின்ன ஊருக்கு திறமைய சேக்கணும்னா இப்படித்தான் சேக்கணும்.

ரோந்து வண்டி சும்மா சுத்துனாலே திருட்டு குறையும்னு நான் சொல்லல. கன்சாஸ் சிட்டியில 1972-73ல ஒரு வருஷம் சில ஏரியாவுல வழக்கமான ரோந்த நிறுத்தியும், சில ஏரியாவுல ரெண்டு மூணு மடங்கு கூட்டியும் பாத்தாங்க, குற்றத்துல பெருசா வித்தியாசம் தெரியல. ஆனா நிறுத்துன ஏரியாவுலயும் கூப்பிட்டா வண்டி வந்துச்சு. நான் கேக்குறதும் அது தான், கூப்பிட்டா வர ஒரு ஆளு, மறுநாளே அந்த கேமராவ போய் பாக்க ஒரு ஆளு.

மூணாவதா ஒரு டிடெக்டிவ போட்டு, ராத்திரி குறைஞ்சது மூணு வண்டி நிச்சயம்னு எழுதி குடுத்தா அன்னிக்கே 4.5 ஆக்கிடுவேன். ஸ்வாட் விஷயத்த சிட்டி கவுன்சில் அடுத்த மாசம் எடுக்குது, இந்த கணக்க ஒரு பேப்பர்ல எழுதி கையில வெச்சிருக்கேன், பேச பேரும் குடுத்தாச்சு.