ஈரக் கண்ணாடியைப் பார்த்து ஓடிபி சொல்லாதீர்கள்

சோழிங்கநல்லூர்ப் பக்கம் எங்கள் குடியிருப்பில் போர்வெல் தண்ணீர்தான். கோடையில் அதோடு லாரித் தண்ணீரும் சேரும். குடிவந்த நான்கு வருடத்தில் குளியலறைக் கண்ணாடித் தடுப்பைக் கண்ணாடி என்று சொல்லவே கூசியது. இடுப்புக்குக் கீழே கோலமாவு பூசியதுபோல் வெள்ளைக் கறை. நகத்தால் சுரண்டினால் மெழுகுபோல் கொஞ்சம் வரும். அதற்கடியில் இன்னொரு படலம் இருந்தது. அது அசையவே அசையாது.

போன மாதம் செயலி வழியாக ஒரு சுத்தம் செய்யும் நிறுவனத்தை அழைத்தேன். பெயர் வேண்டாம், ஏமாந்த விதத்தைச் சொல்கிறேன். குளியலறைக்கு 1,499 ரூபாய் என்று போட்டிருந்தது. இரண்டு பையன்கள் வந்தார்கள். கறையைப் பார்த்ததுமே ஒருவன் உச்சுக்கொட்டினான். "அக்கா, இது சாதாரண கிளீனிங்கில் போகாது. நானோ கோட்டிங் போட்டுவிடலாம். ஐந்து வருடத்துக்குத் தண்ணீரே ஒட்டாது." சதுர அடிக்கு 90 ரூபாய். டேப் வைத்து அளந்து 38 சதுர அடி என்றான். அதற்கு 3,420, ஆக மொத்தம் 4,919 ரூபாய். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளை அந்தக் கண்ணாடிக்குத் தாரைவார்த்தவள் நான். சரி என்றுவிட்டேன்.

லேபிள் இல்லாத வெள்ளை கேனிலிருந்து எதையோ ஊற்றினார்கள். தொண்டை கமறியது. தரையில் வழிந்த இடத்தில் டைல்ஸ் இடுக்கிலிருந்த சிமெண்டு நுரைத்துப் பொங்கியது. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் வட்டம் வட்டமாகத் தேய்த்தார்கள். முக்கால் மணி நேரம் கழித்துத் தண்ணீர் அடித்து, ஒரு பாட்டிலிலிருந்து எதையோ தெளித்துத் துடைத்து, "வந்து பாருங்கள் அக்கா" என்றார்கள். பார்த்தேன். அந்தப் பக்கச் சுவரின் டைல்ஸ் பூ தெளிவாகத் தெரிந்தது. கண்ணாடியில் நீர் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. அவன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்தான். வேலை முடிந்ததற்கான ஓடிபி கேட்டான். சொன்னேன்.

மறுநாள் ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஆள் வந்து செய்தார்கள் என்றாயே, எந்தக் குளியலறையில்?"

காய்ந்த கண்ணாடி பழையபடி வெளுத்திருந்தது. போதாததற்குக் கதவின் கீல் கறுத்திருந்தது. வாசலில் போட்ட கடப்பா கல்லில் ஆசிட் தெறித்த இடமெல்லாம் சாம்பல் பொட்டுகள். கடப்பா சுண்ணாம்புக்கல் வகை. ஆசிட் பட்டால் அரிக்கும்.

நனைந்த வெள்ளைத் துணியின் ஊடே உடம்பு தெரிவதில்லையா, அதே கதைதான் இது. கறைப் படலம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் வெளிச்சம் சிதறி வெள்ளையாகத் தெரிகிறது. பள்ளத்தில் தண்ணீர் நிரம்பினால் சிதறல் குறையும், கறை மறைந்ததுபோல் இருக்கும். எண்ணெய்ப் பசையுள்ள எதைத் தடவினாலும் அப்படித்தான். ஐந்து வருடக் கோட்டிங் மறுநாளே சுவடில்லாமல் போனதைப் பார்த்தால், அவன் துடைத்தது ஏதோ பளபளப்பு ஸ்பிரே என்றுதான் நினைக்கிறேன்.

கண்ணாடிக் கடைக்காரர் ஒருவரை அழைத்துக் காட்டினேன். டார்ச்சைக் கண்ணாடியோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். வட்டம் வட்டமாக நூல்போல் கீறல்கள். நகம் வைத்து இழுத்தார். "நகம் மாட்டவில்லை, பிழைத்தீர்கள் அம்மா. செரியம் ஆக்சைடு தூள் போட்டு பாலிஷ் செய்தால் பெரும்பாலும் மறையும். நகம் மாட்டுகிற அளவு ஆழமென்றால் கண்ணாடியையே மாற்ற வேண்டியதுதான்" என்றார்.

கறை என்னவோ கடைசியில் என் கையால்தான் போனது. அது இரண்டு சரக்கு: உப்புத் தண்ணீரின் கால்சியம் சோப்போடு சேர்ந்து உண்டாகும் பிசுக்கு ஒன்று, நீர் காய்ந்து படியும் சுண்ணாம்பு உப்பு இன்னொன்று. முதலில் வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போட்டுப் பிசுக்கை எடுத்தேன். பிறகு சிட்ரிக் ஆசிட் தூளைக் கரைத்து, பழைய காட்டன் துணியை நனைத்துக் கண்ணாடியில் ஒட்டி, கல்லில் சொட்டாமல் கீழே பிளாஸ்டிக் தாள் விரித்து, இருபது நிமிடம் விட்டேன். மூன்று முறை செய்ய வேண்டியிருந்தது. அதே நேரத்தில் பிளீச்சிங் பவுடரைப் பக்கத்தில்கூடக் கொண்டுவராதீர்கள்; ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

ஆள் வைத்துத்தான் செய்வீர்கள் என்றால், கேனில் என்ன என்று கேளுங்கள், பதில் வராவிட்டால் திருப்பி அனுப்புங்கள். ஒரு மூலையில் ஓர் அடி மட்டும் செய்யச் சொல்லிவிட்டு, காய்ந்த துணியால் ஒற்றி, மின்விசிறி போட்டு, காப்பி குடித்துவிட்டு வந்து பாருங்கள். ஓடிபி அதற்குப் பிறகு. என்னிடம் பில்லும் இல்லை, கோட்டிங்குக்கு எழுத்தில் உத்தரவாதமும் இல்லை. இரண்டும் என் தப்பு.

நிறுவனத்திடம் புகார் செய்தேன். அடுத்த முறைக்கு 500 ரூபாய் கழிவு தருகிறார்களாம்! வேலை முடிந்ததற்குச் சான்றாக அந்தப் பையன் எடுத்த படத்தையும் அனுப்பியிருந்தார்கள். படத்திலேயே கண்ணாடியில் நீர் வழிகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் அழைத்து, அந்தப் படத்தையும் காய்ந்த கண்ணாடியின் படத்தையும் சேர்த்துப் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.