ஓ.டி. சென்டரா, வீட்டுப் பயிற்சியா? பெங்களூரு பெற்றோருக்கு

குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடும் பிள்ளை, சட்டைக் கழுத்து லேபிளைப் பொறுக்க முடியாத பிள்ளை, சோபாவிலிருந்து குதித்துக்கொண்டே இருக்கும் பிள்ளை. சத்தம், தொடுதல், அசைவு போன்றவற்றை மூளை கையாளுவதில் இப்படிப் புலனுணர்வுச் சிக்கல் இருக்கும் குழந்தையை பெங்களூருவில் வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் எழுவது ஒரே கேள்வி: அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபி (ஓ.டி.) சென்டரில் சேர்ப்பதா, வீட்டிலேயே பார்த்துக்கொள்வதா? என் பையனுக்கு இரண்டையும் செய்து பார்த்தவள் நான். பணமும் நேரமும் அளவாகத்தான் இருக்கிறது என்றால், வீட்டுக்கும் பள்ளிக்கும்தான் முதலிடம் தருவேன். சில குழந்தைகளுக்கு மட்டும் இந்த வரிசை மாறும்.

இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5, அதாவது அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய் வகைப்பாட்டுக் கையேடு, புலனுணர்வுச் சிக்கலைத் தனி நோயாகச் சேர்க்கவில்லை. ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகத்தான் சேர்த்தது. அதனால் காது பரிசோதனையும் வளர்ச்சி மதிப்பீடும் முதலில் முடியட்டும். பெங்களூருவின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் குழந்தை மனநலத்துக்குத் தனித் துறையே இருக்கிறது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் விஷயமும் இதில் அடங்கும்: 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஆட்டிசம் உண்டு, புலனுணர்வுச் சிக்கல் தனியாக இல்லை.

சரி, சென்டருக்கு வருவோம். தொங்கும் ஊஞ்சல், ஏறும் சுவர், பந்துத் தொட்டி. எல்லாம் ஜீன் ஏயர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வகுத்த சென்சரி இன்டகிரேஷன் முறையிலிருந்து வந்தவை. உள்காது தரும் சமநிலை உணர்வும், தசையும் மூட்டும் தரும் உணர்வும் மூளையில் ஒழுங்காகச் சேர விளையாட்டு வழியே உதவுவதுதான் அவர் எண்ணம். பலன் எவ்வளவு? அமெரிக்காவில் 32 ஆட்டிசக் குழந்தைகளை வைத்து, அவர்களில் 17 பேருக்கு 30 அமர்வுகள் கொடுத்த 2014ஆம் ஆண்டு ஆய்வில், அந்த 17 பேருக்குப் பெற்றோர் கேட்ட இலக்குகளில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. பிரிட்டனில் 138 குழந்தைகளை வைத்துச் செய்து 2022இல் வெளியான பெரிய ஆய்வில், வழக்கமான கவனிப்பைவிட இது கூடுதலாகப் பலன் தந்ததாகத் தெரியவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012இலேயே, ஆதாரம் குறைவு என்பதைப் பெற்றோருக்குச் சொல்லிவிட்டு, இலக்கும் காலக்கெடுவும் வைத்துச் செய்து பார்க்கலாம் என்றது. அந்த நிலைதான் எனக்கும் சரியாகப் படுகிறது.

இங்கே இன்னொரு கணக்கும் உண்டு, சாலை. ஹாரன் சத்தம் தாங்காத குழந்தையை மாலை நேரத்தில் நெரிசலுக்குப் பெயர்போன சில்க் போர்டு சந்திப்பு வழியாக ஆட்டோவில் கூட்டிப் போய், அமைதிப்படுத்தி, அதே நெரிசலில் திரும்பக் கூட்டி வந்தால் மிஞ்சுவது என்ன? மெட்ரோ தேவலை. ஆனால் உடலைத் தொட்டுச் சோதிக்கும் இடத்தில் கஷ்டம் வரும். வரிசையில் நிற்கும்போதே காவலரிடம் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சுமாரான சென்டர், ஊரின் மறுகோடியில் இருக்கும் பெயர்பெற்ற சென்டரைவிட மேல்.

வீட்டில் செய்ய எவ்வளவோ இருக்கிறது. தெரபிஸ்டுகள் 'ஹெவி வொர்க்' என்று சொல்லித்தருவது, தசைக்கு நல்ல பாரம் தரும் வேலை: சப்பாத்தி மாவு பிசைவது, ஈரத் துண்டைப் பிழிவது, காய்கறிப் பையைத் தூக்கி வருவது. பள்ளி கிளம்பும் முன் இதில் கொஞ்சம் செய்தால் என் பையன் வகுப்பில் நிலையாக உட்காருகிறான். மெல்லத் தடவுவதுதான் இந்தக் குழந்தைகள் பலருக்கு எரிச்சல். அழுத்திப் பிடித்தால் அடங்குவார்கள். எண்ணெய்க் குளியலில் பாட்டி உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தால் ஒத்துக்கொள்கிற பிள்ளை, விரல் நுனியால் தேய்த்தால் அலறும். பனியனைத் திருப்பிப் போடுவது, "இப்ப விசில் வரும்" என்று முன்கூட்டிச் சொல்வது, தீபாவளிக்கும் கோயில் மேளத்துக்கும் காது மூடி. காது மூடியை நாள் முழுக்க மாட்ட வேண்டாம், சாதாரணச் சத்தமும் தாங்காமல் போகலாம். பாரமான போர்வை வாங்க அவசரமில்லை: 2014இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் ஆட்டிசக் குழந்தைகளுக்குப் பிடித்திருந்தது, தூக்கம் கூடவில்லை.

வீட்டு வழியின் குறை, முழுச் சுமையும் அம்மா தலையில் விழுவது. கூடவே "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே" என்ற பேச்சும் வரும். இதற்கு ஓ.டி. தெரபிஸ்ட் வாயிலிருந்து வரும் விளக்கம் உதவும். அவர் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ சொல்வதை, அனுமதி கேட்டு, போனில் வீடியோவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிக்குத் தமிழில் சொல்லிக் காட்டிவிடலாம். பள்ளியில் ஃபேனுக்கும் ஜன்னலுக்கும் தள்ளி ஓர் இடம் கேட்க எந்தச் சான்றிதழும் வேண்டாம்.

ஆகவே என் தேர்வு: மாதத்துக்கு ஒன்றிரண்டு அமர்வு ஓ.டி. தெரபிஸ்டிடம், மீதி வீட்டில். கால் தரையை விட்டு எழும்பினாலே நடுங்கும் குழந்தைக்கும், படி ஏறவும் பொத்தான் போடவும் உடம்பை எப்படி அசைப்பது என்றே திணறும் குழந்தைக்கும் சென்டர்தான் முதலில். அந்த ஊஞ்சல்களை மாட்ட வாடகை வீட்டுக் கூரையில் துளைபோட வீட்டுக்காரர் விடமாட்டார், பயந்த குழந்தையைப் படிப்படியாக ஏற்றத் தேர்ந்த கண்ணும் வேண்டும். எங்கே சேர்த்தாலும் முதல் நாளே இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த இலக்கு, எந்த மாதத்துக்குள்? அமர்வில் நான் உள்ளே உட்காரலாமா? இரண்டாவதற்கு முடியாது என்றால் நான் வேறு இடம்தான் பார்ப்பேன்.