திறந்த கல்வி வளம்: கொள்கையில் எந்த வரையறையை எழுதுவது?

திறந்த கல்வி வளங்களுக்கான, அதாவது யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்த இடம்தரும் பாடப்பொருள்களுக்கான, கொள்கையை எழுத உட்காரும் எந்தக் கல்வித்துறைக்கும் முதல் பக்கத்திலேயே ஒரு வரையறை வேண்டும். சர்வதேச ஆவணம் ஒன்றிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துப் போட்டுவிட்டு நிதி, குழு, கால அட்டவணை என்று நகர்ந்துவிடுவது சுலபம். ஆனால் பொதுப்பணத்தில் எழுதப்படும் பாடநூலை நாளைக்கு யார் திருத்தலாம், யார் அச்சடிக்கலாம் என்று முடிவு செய்வது அந்த வாக்கியம்தான். அதனால் புழக்கத்தில் இருக்கும் வரையறைகளை ஒரே சோதனையில் நிறுத்திப் பார்க்கலாம்.

சோதனை இது. மின்சாரம் பற்றிய ஓர் அத்தியாயம் ஓர் ஆசிரியர் கையில் கிடைக்கிறது. அதைத் தன் மாணவர்களின் மொழியில் பெயர்க்க வேண்டும். தவறாக இருக்கும் சுற்றுப்படம் ஒன்றைத் திருத்த வேண்டும். வேறோர் இடத்திலிருந்து இரண்டு பத்தி சேர்க்க வேண்டும். இணைய வசதி இல்லாத பிள்ளைகளுக்கு அச்சடித்துத் தர வேண்டும். இவ்வளவையும் யாரிடமும் அனுமதி கேட்காமல் அவர் செய்ய முடியுமா?

முதலில் 2002. 'திறந்த கல்வி வளங்கள்' என்ற பெயரே அந்த ஆண்டு ஜூலையில் பாரிஸில் யுனெஸ்கோ நடத்திய கூட்டத்தில்தான் பிறந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடக்குறிப்புகளை இலவசமாக இணையத்தில் வைக்கப்போவதாக அதற்கு முந்தைய ஆண்டு அறிவித்திருந்தது. வளரும் நாடுகளின் உயர்கல்விக்கு அதனால் என்ன பயன் என்று பேச ஒன்றுகூடியவர்கள் தந்த வரையறையின் சாரம்: பார்க்கலாம், பயன்படுத்தலாம், தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம், ஆனால் வணிக நோக்கம் கூடாது.

கடைசி நிபந்தனை கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. பொதுவில் வைத்ததை ஒருவர் விற்றுக் காசாக்குவதா என்ற கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் அச்சுக்குப் போகும்போது சிக்கல் வருகிறது. அமெரிக்காவில் கிரேட் மைண்ட்ஸ் என்ற அமைப்பு தன் கணிதப் பாடங்களை வணிகத் தடையுள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (படைப்பை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் பொது அனுமதி அது) வெளியிட்டிருந்தது. பள்ளி நிர்வாகங்கள் அவற்றை ஃபெட்எக்ஸ் நகலகங்களில் கொடுத்துப் பிரதி எடுத்தன. நகலகம் இதில் லாபம் பார்க்கிறதே என்று கிரேட் மைண்ட்ஸ் வழக்குப் போட்டது. பள்ளிகளுக்கு உள்ள உரிமையைத்தான் நகலகம் அவற்றின் சார்பில் நிறைவேற்றியது என்று 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டு, இதேபோல் பிரதி எடுத்துத் தந்த ஆஃபீஸ் டிப்போ நிறுவனத்தின் மீதான வழக்கிலும் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே முடிவுக்கு வந்தது. தீர்ப்பு நல்ல தீர்ப்புதான். ஆனாலும் பிரதி எடுக்கலாமா என்ற கேள்வி அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்ததே! வழக்குப் பயம் உள்ள ஒரு தலைமை ஆசிரியர் அச்சுக்கே கொடுக்காமல் விட்டுவிடுவார்.

இன்னொரு சங்கடம் பலர் கண்ணில் படுவதில்லை. எம்.ஐ.டி.யின் பாடக்குறிப்புகளுக்கு வணிகத் தடை உண்டு. மாற்றி எழுதினால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். விக்கிப்பீடியாவும் தன் உரிமத்திலேயே வெளியிடச் சொல்கிறது. அங்கே வணிகத் தடை கிடையாது. இரண்டையும் பிசைந்து நம் ஆசிரியர் ஒரே பாடமாக எழுதினால் எந்த உரிமத்தில் வெளியிடுவார்? இரண்டு நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்ற வழியே இல்லை. இரண்டும் 'திறந்த வளம்' என்றே அழைக்கப்படுகின்றன.

பொருளாதார ஒத்துழைப்புக்கான நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி. 2007-இல் தந்த வரையறையை வேகமாகக் கடந்துவிடலாம். இலவசமாகவும் திறந்த முறையிலும் தரப்படும் டிஜிட்டல் பொருள்கள் என்கிறது அது. அச்சுப் புத்தகம் வெளியே நிற்கிறது. உரிமம் பற்றி வெளிப்படையாக ஒன்றும் இல்லை. ஆய்வறிக்கைக்குப் போதும், ஒப்பந்தத்துக்குப் போதாது.

யுனெஸ்கோ கூட்டிய மாநாட்டில் வந்த 2012 பாரிஸ் பிரகடனம் உண்மையிலேயே ஒரு தாவல். டிஜிட்டலோ அச்சோ எந்த ஊடகமானாலும் சரி, பதிப்புரிமை இல்லாத பொதுச்சொத்தாகவோ திறந்த உரிமத்திலோ இருக்க வேண்டும். செலவில்லாமல் பெறவும், பயன்படுத்தவும், மாற்றவும், பரப்பவும் அந்த உரிமம் இடம்தர வேண்டும் என்றது. ஆனால் 'கட்டுப்பாடு இல்லாமல் அல்லது குறைந்த கட்டுப்பாடுகளோடு' என்று ஒரு வால் ஒட்டியிருந்தது. எது குறைவு என்று யார் அளப்பது? 2019 நவம்பரில் யுனெஸ்கோ பொது மாநாடு ஏற்ற பரிந்துரையின் வரையறையில் அந்த வால் இல்லை. மாற்றும் உரிமை வரையறைக்குள்ளேயே இருப்பதால், மாற்றக் கூடாது என்னும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் இரண்டும் இங்கே தேறாது. மொழிபெயர்ப்பும் ஒரு மாற்றம்தானே, நம் ஆசிரியருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் வணிகத் தடை சரியா தவறா என்பதில் வரையறை வாய் திறக்கவில்லை.

அரசு சாராத முக்கியப் போட்டியாளர் அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் வைலி. 2007-இல் அவர் நான்கு உரிமைகளைப் பட்டியலிட்டார்: பயன்படுத்தல், திருத்தல், கலத்தல், பகிர்தல். 2014-இல் ஐந்தாவதாகச் சேர்த்தது, பிரதியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் உரிமை. எனக்கு அதுதான் பட்டியலில் மிக முக்கியமாகப் படுகிறது. தளம் மூடப்பட்டாலும், சந்தா முடிந்தாலும், அத்தியாயம் ஆசிரியரின் கணினியில் இருந்தால்தான் மற்ற நான்கும் உயிரோடு இருக்கும். வைலியும் சக ஆய்வாளர்களும் தொழில்நுட்பத்தையும் கவனித்தார்கள்: ஸ்கேன் செய்த பிடிஎஃப் கோப்புக்கு எவ்வளவு தாராளமான உரிமம் இருந்தாலும் அதிலுள்ள சுற்றுப்படத்தைத் திருத்த முடியாது.

தெளிவில் வைலி முந்துகிறார். ஆனால் அமைச்சகத்தின் மேசையில் ஒரு தனிமனிதரின் பட்டியலை விட, தன் நாடும் சேர்ந்து ஏற்ற ஆவணத்துக்குத்தான் எடை அதிகம். 2019 பரிந்துரை சட்டப்படி கட்டாயப்படுத்தாது, சரி. ஆனால் என்ன செய்தீர்கள் என்று உறுப்பு நாடுகளிடம் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கேட்கும் ஏற்பாடு அதற்கு உண்டு.

என் பரிந்துரை: வரையறைக்கு 2019 வாக்கியத்தை அப்படியே எடுங்கள். அதன் கீழே, பிரதியை என்றைக்கும் வைத்துக்கொள்ளும் உரிமையைத் தனி வரியாகச் சேருங்கள். அப்புறம், பொதுப்பணத்தில் உருவாகும் எல்லாவற்றுக்கும் உரிமத்தின் பெயரையே எழுதிவிடுங்கள். எழுதியவர் பெயரைச் சொல்வது மட்டுமே நிபந்தனையான சிசி-பை (CC BY) என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என் தேர்வு. அமெரிக்கத் தொழிலாளர் துறை 2011-இல் தொடங்கிய சமுதாயக் கல்லூரி நிதித்திட்டத்தில் இதைத்தான் கேட்டது. திருத்தக்கூடிய மூலக்கோப்பைத் தராமல் கடைசித் தவணை கிடையாது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

ஒரு விலக்கை மட்டும் ஏற்பேன். பழங்குடிச் சமூகங்களின் மரபறிவு பாடத்தில் இடம்பெறும்போது, எதைத் திறப்பது, எவ்வளவு திறப்பது என்பதை அந்தச் சமூகமே சொல்லட்டும். அந்தப் பகுதிக்குத் தனி உரிமக் குறிப்பு போட்டுவிட்டால் மீதிப் புத்தகம் திறந்தே இருக்கும்.