ஹப் கியரா, டெரெய்லரா? தினமும் ஓட்டுபவனின் கணக்கு

ஐந்து வருடம் டெரெய்லர் கியர் வைத்த சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தேன். இப்போது இரண்டு வருடமாக ஹப் கியர். நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

டெரெய்லர் என்பது பின்சக்கரத்தில் அடுக்கியிருக்கும் பல்சக்கரங்களில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் செயினைத் தள்ளிவிடும் கை. ஹப் கியரில் வெளியே ஒரே ஒரு பல்சக்கரம்தான். கியர் மாறுவதெல்லாம் சக்கரத்தின் நடுவே இருக்கும் 'ஹப்' என்ற உருளைக்குள், ஒரு மையப் பல்சக்கரத்தைச் சுற்றிவரும் குட்டிப் பல்சக்கரங்களால் நடக்கிறது. நூறு வருடத்துக்கும் மேல் பழைய யோசனை இது. ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் 1936இல் கொண்டுவந்த ஏடபிள்யூ என்ற மூன்று கியர் ஹப்பில் நடு கியர் நேரடி ஓட்டம், அதாவது பின் பல்சக்கரம் சுற்றும் அதே வேகத்தில் சக்கரமும் சுற்றும். கீழ் கியரில் சக்கரம் அதைவிட 25 சதவீதம் குறைவாகச் சுற்றும், மேல் கியரில் 33 சதவீதம் கூடுதலாக.

எடை, விலை, வேகம் மூன்றிலும் டெரெய்லருக்குத்தான் வெற்றி. ஹப் கியர் கனம். அந்தக் கனமும் முழுக்கப் பின்பக்கம். மாடிப்படியில் தூக்கும்போது தெரியும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிறவனுக்கு வேக வித்தியாசம் பெரிதாகத் தெரியாது.

"எட்டு கியர் போதுமா?" என்று கேட்பவர்கள் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டாம், வீச்சைப் பாருங்கள். ஷிமானோவின் நெக்ஸஸ் எட்டு கியர் ஹப்பில் கடைசி கியர் முதல் கியரைப்போல் ஏறக்குறைய 3.07 மடங்கு. முன்னால் ஒற்றைப் பல்சக்கரமும் பின்னால் 11 முதல் 34 பல் வரை கேசட்டும் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) போட்ட டெரெய்லரில் இது 3.09 மடங்கு. ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. 11 முதல் 50 வரை கேசட் போட்டால் நாலரை மடங்கைத் தாண்டிவிடும், நிஜம்தான். மேம்பாலத்தைத் தவிர ஏற்றம் எதுவும் இல்லாத என் வழிக்கு அது எதற்கு?

சரி, நான் மாறியதற்கு உண்மையான காரணம் பராமரிப்பு.

டெரெய்லரின் செயின் வெளியே திறந்து கிடக்கிறது. தூசியும் மழையும் நேராக அதன்மேல்தான். மழை நாட்களில் வாரம் ஒருமுறையாவது துடைத்து எண்ணெய் விடாவிட்டால் கீச்கீச்சென்று அழும். செயின் நீண்டுவிட்டது என்று சொல்வோமே, இரும்பு எங்கும் இழுபடுவதில்லை. உள்ளே இருக்கும் ஊசிகள் தேய்ந்து இடைவெளி கூடுகிறது. புதுச் செயினில் 24 கண்ணிகளை அளந்தால் 304.8 மில்லிமீட்டர். அது ஒன்றரை மில்லிமீட்டர் கூடினாலே அரை சதவீதத் தேய்மானம், மாற்றும் நேரம் நெருங்கிவிட்டது. நான் ஒருமுறை சோம்பேறித்தனமாக விட்டுவிட்டேன். அப்புறம் புதுச் செயின் போட்டால், தேய்ந்த கேசட்டில் உட்காராமல் வழுக்கியது. கேசட்டையும் சேர்த்து வாங்க வேண்டியதாயிற்று.

அதைவிடத் தொல்லை ஹேங்கர். டெரெய்லர் தொங்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டு, சைக்கிள் வலப்பக்கம் சாய்ந்து விழுந்தாலே வளையும். நெரிசலான நிறுத்தத்தில் பக்கத்து வண்டியை இழுப்பவர் நம்முடையதைச் சாய்க்காமல் இழுப்பாரா? எனக்கு இரண்டு முறை ஆனது. கொஞ்சம் வளைந்தால் கியர் சரியாக விழாது. அதிகம் வளைந்தால், பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும்போது டெரெய்லர் ஸ்போக்கிலேயே போய் மாட்டிக்கொள்ளும். மாற்றலாம் என்றால் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் ஹேங்கரின் வடிவம் வேறு.

ஹப் கியரில் செயின் பக்கவாட்டில் நகர்வதே இல்லை. அதனால் முழு செயின் கவர் போட முடிகிறது. உள்ளே விட்ட எண்ணெய் உள்ளேயே இருக்கிறது, பேன்ட் காலில் கறை இல்லை. எப்போதாவது கியர் சரியாக விழவில்லை என்றால், நெக்ஸஸ் எட்டு கியர் ஹப்பில் நான்காவது கியரில் வைத்து, ஹப்பின் பக்கத்தில் இருக்கும் இரண்டு மஞ்சள் கோடுகளும் நேராக வரும்வரை கேபிள் திருகைத் திருப்ப வேண்டும். அரை நிமிட வேலை. செயின் தொய்வதுண்டு, அப்போது சக்கரத்தைப் பின்னால் தள்ளி இறுக்க வேண்டும். இரண்டு வருடத்தில் இரண்டு தடவை செய்தேன்.

சிக்னலில் நின்றபடியே, மிதிக்காமலே, முதல் கியருக்கு இறக்கலாம் என்பது உபரி லாபம். மேல் கியரில் திடீரென்று பிரேக் போட்டுவிட்டு, பச்சை விழுந்ததும் எழுந்து நின்று மிதித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஓடும்போது மாற்றுவதென்றால் மட்டும் மிதியை ஒரு கணம் தளர்த்த வேண்டும்.

பின்சக்கரம் பஞ்சரானால் டெரெய்லர் சைக்கிளில் நெம்புகோலைத் தளர்த்திச் சக்கரத்தை ஒரு நிமிடத்தில் கையில் எடுத்துவிடலாம். ஹப் கியரில் 15 எண் ஸ்பேனர் வேண்டும், கேபிளைக் கழற்ற வேண்டும், அச்சு சுழலாமல் பிடிக்கும் வாஷர்களை மறுபடி அதே திசையில் வைக்க வேண்டும். முதல் தடவை எனக்கு முக்கால் மணி நேரம். இப்போது சக்கரத்தைக் கழற்றுவதே இல்லை. டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, டியூபை வெளியே இழுத்து, ஓட்டையைக் கண்டுபிடித்து அங்கேயே ஒட்டிவிடுகிறேன். கூடவே பஞ்சர் தாங்கும் தடித்த டயருக்கும் மாறினேன்.

ஹப்பைத் திறந்து உள்ளே எண்ணெய் போடும் வேலையை நான் செய்ததில்லை. ஒருமுறை மெக்கானிக்கிடம் கொடுத்துச் செய்துகொண்டேன். உள்ளே உடைந்தால் தெருமுனையில் சரிபண்ண முடியாது, சக்கரத்தோடு கொண்டுபோக வேண்டியதுதான். எனக்கு இதுவரை உடையவில்லை, ஆனால் இரண்டு வருடம் ஒரு பெரிய சாட்சியமில்லை. மலைப்பாதையிலும் கனமான சுமையோடும் ஓட்டிப் பார்த்ததில்லை. அதற்கு வாங்குகிறவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம்.

பழைய டெரெய்லர் சைக்கிளை விற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீண்ட தூரம் போக அதுதான் லேசு. போன மாதம் ஆசையாக எடுத்தேன். செயினைத் துடைத்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது.