எடை கூடிய தம்பதிக்கு எந்த மெத்தை தாங்கும்? ஃபோம், ஸ்பிரிங், லேடெக்ஸ், காற்று மெத்தை: ஓர் அலசல்

இருவருமே நூறு கிலோவை ஒட்டியோ தாண்டியோ இருக்கிறார்கள். ஒருவருக்கு மெத்தை கெட்டியாக இருக்க வேண்டும், மற்றவருக்கு மெத்தென்று அமுங்க வேண்டும். கடைசியில் ‘மீடியம்’ என்று சீட்டு ஒட்டிய ஒன்றை வாங்கிச் சமாதானமாகிவிடுகிறார்கள். அதில் இருவருக்கும் நிம்மதி இல்லை. 65 கிலோ உள்ளவருக்கு மீடியமாக இருக்கும் அதே மெத்தை, 120 கிலோ உள்ளவருக்கு மென்மையான மெத்தைதான். இடுப்பு மட்டும் ஆழமாக இறங்கும், முதுகெலும்பு வில்லாக வளையும், காலையில் கீழ்முதுகு பிடித்துக்கொள்ளும்.

அதனால் ஒரே மெத்தையில் இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அடித்தட்டு எடையைத் தாங்குவதற்கு, மேல்தட்டு விருப்பத்துக்கு. அடித்தட்டில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மேல்தட்டில் ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாம்.

அடர்த்தி வேறு, கெட்டி வேறு

கடையில் அதிகம் குழப்புவது இதுதான். கையால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும் ஃபோம் நீடித்து உழைக்கும் என்று நினைத்துவிடுகிறோம். உழைப்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அடர்த்தி, அதாவது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பது. மலிவான ஃபோமையும் கெட்டியாகச் செய்ய முடியும். முதலில் விறைப்பாக நிற்கும் அது, எடை கூடியவர் படுக்கப் படுக்க உள்ளே இருக்கும் நுண்ணறைகள் உடைந்து குழி விழும்.

சரிபார்க்க எளிய கணக்கு இருக்கிறது. பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள ஃபோம் கட்டி சரியாக ஒரு லிட்டர் கொள்ளளவு. 40 அடர்த்தி என்று சொன்னால் அது 40 கிராம் நிற்க வேண்டும். மாதிரித் துண்டு கிடைத்தால் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். ஜிப் உறை உள்ள மெத்தையானால் தட்டையே உருவி எடுத்து நிறுக்கலாம்: 180 × 200 × 5 செ.மீ. தட்டு 80 அடர்த்தி என்றால் 14.4 கிலோ, 40 என்றால் அதில் பாதி. எடையைக் கூட்டச் சுண்ணப் பொடி கலப்பதும் உண்டு. அப்படிக் கலந்த ஃபோமில் கனம் இருக்கும், துள்ளல் இருக்காது. அழுத்திவிட்டு விட்டால் சட்டென்று எழுகிறதா என்பதையும் பாருங்கள்.

இந்த எடைக்குத் தாங்கும் அடித்தட்டு சாதாரண ஃபோமில் 32-க்குக் குறையக் கூடாது, 40 இருந்தால் நல்லது. உடல் சூட்டில் இளகி, அழுத்திவிட்டால் மெல்ல மீளும் மெமரி ஃபோம் 64-க்குக் கீழே வேண்டாம், 80 நிம்மதி.

இப்போது வகைகள்

முழு மெமரி ஃபோம் மெத்தையின் பெரிய பலம், ஒருவர் புரண்டால் அடுத்தவருக்குத் தெரியாது என்பது. ஆனால் எடை கூடியவர்களுக்கு அதன் குறைகள் எல்லாம் பெரிதாகும். உடல் ஆழமாகப் புதையும், புரள முயன்றால் பள்ளத்திலிருந்து ஏறுவது போல இருக்கும். புதைந்த உடலைச் சுற்றிக் காற்று போகாததால் சூடும் தங்கும். குளிரில் இறுகி, வெப்பத்தில் இளகும் தன்மையும் அதற்கு உண்டு. மெமரி ஃபோம் பிடித்தவர் 5 செ.மீ. மேல்தட்டாக மட்டும் வைத்துக்கொள்ளட்டும். அடிப்பகுதியை அதில் செய்த மெத்தையை இந்தத் தம்பதிக்குப் பரிந்துரைக்க மாட்டோம்.

கம்பிச் சுருள்கள் ஒன்றோடொன்று பின்னப்பட்ட பொன்னெல் ஸ்பிரிங்கில் ஒருவர் அசைந்தால் இருவரும் ஆடுவார்கள். எடை அதிகமானவர் பக்கம் சரிவு உண்டாகி மற்றவர் உருண்டு வருவார். தென்னை நார் மெத்தை தொடக்கத்தில் நல்ல கெட்டி, ஆனால் நார் நசுங்கினால் மீண்டு எழாது. இரண்டையும் தாண்டிப் போய்விடலாம்.

பாக்கெட் ஸ்பிரிங்கில் ஒவ்வொரு சுருளும் தனித் துணிப்பைக்குள் இருப்பதால் தனித்தனியாக அமுங்கும். இங்கே எல்லோரும் சுருள்களின் எண்ணிக்கையைக் கேட்கிறார்கள், கேட்க வேண்டியது கம்பியின் தடிமன். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும்: 15 கேஜ் சுமார் 1.8 மி.மீ., 14 கேஜ் சுமார் 2 மி.மீ. உங்களுக்கு 14 அல்லது அதற்கும் தடித்தது வேண்டும். ஆனால் ஸ்பிரிங் நன்றாக இருந்தும் மெத்தை குழி விழுவதைப் பார்க்கலாம். காரணம், அதன் மேலே 8, 10 செ.மீ. உயரத்துக்கு மலிவான மென்ஃபோமை அடுக்கியிருப்பார்கள். கடையில் உட்கார்ந்ததும் சொகுசாகத் தெரிவது அந்த ஃபோம்தான், முதலில் நசுங்குவதும் அதுவேதான். ஓரத்தையும் கவனியுங்கள். எழும்போதும் உட்காரும்போதும் முழு எடையும் ஒரே இடத்தில் விழும். ஓரத்தில் ஃபோம் சட்டம் வைத்ததைவிட, தடித்த கம்பிச் சுருள்களால் வரிசை கட்டியது நாள்பட நிற்கும்.

ரப்பர் நுரையான லேடெக்ஸ்தான் இந்த எடைக்கு நாங்கள் முதலில் பார்க்கும் பொருள். அழுத்தத்துக்கு ஏற்ப எதிர்த்துத் தாங்கும், உடனே மீளும், அதனால் புரள்வது எளிது. டன்லப் முறையில் வார்த்தது அடியில் சற்று அடர்த்தி கூடி இருக்கும், அடித்தட்டுக்கு ஏற்றது. டலாலே முறையில் வார்த்தது சீராகவும் மெத்தென்றும் இருக்கும், மேல்தட்டுக்குச் சரி. கெட்டித்தன்மையை ஐ.எல்.டி. என்ற எண்ணால் சொல்வார்கள்: 20-ஐ ஒட்டியது மென்மை, 30-ஐத் தாண்டினால் கெட்டி. நூறு கிலோவைத் தாண்டியவர், தான் விரும்புவதாக நினைக்கும் எண்ணுக்கு ஒரு படி மேலே எடுப்பது நல்லது. குறைகள்: கனம் மிக அதிகம். 15 செ.மீ. உயர இரட்டை மெத்தையே 40 கிலோவைத் தொடும், ஒற்றை ஆளால் திருப்ப முடியாது. நேரடி வெயில் பட்டால் மஞ்சளாகி உதிரும், உறை இல்லாமல் காயவைக்கவே கூடாது.

காற்று மெத்தையில் ஆளுக்கொரு அறை, பம்பு வைத்துத் தனித்தனியே ஏற்றி இறக்கலாம். விருப்பம் அடிக்கடி மாறுபவர்களுக்கு இதைவிட வசதி இல்லை. ஆனால் பம்பு, குழாய், வால்வு என்று பழுதாகும் உறுப்புகள் அதிகம். இரண்டு அறைகளுக்கும் நடுவே பள்ளம் தெரியும். காற்றை எவ்வளவு ஏற்றினாலும் மேலே உள்ள ஃபோம் தட்டு நசுங்குவதைத் தடுக்க முடியாது.

இருவர் விருப்பத்தையும் சேர்ப்பது

எங்கள் தேர்வு இது: 14 கேஜ் அல்லது அதற்கும் தடித்த பாக்கெட் ஸ்பிரிங் அடித்தட்டு, அதன் மேல் இடம், வலம் எனப் பிளந்த லேடெக்ஸ் தட்டுகள், எல்லாவற்றையும் மூடும் ஜிப் உறை. மொத்த உயரம் 25 முதல் 30 செ.மீ. லேடெக்ஸின் ஐ.எல்.டி. எண் ஒருவர் பக்கம் 30-க்கு மேல், மற்றவர் பக்கம் 24-ஐ ஒட்டி வைக்கலாம். இரு தட்டும் ஒரே உயரம் இருப்பது கட்டாயம், இல்லையென்றால் நடுவில் படி உண்டாகும். ஒரு பக்கம் தளர்ந்தால் அந்தத் தட்டை மட்டும் மாற்றலாம். இந்த வசதிக்காகவே ஒட்டித் தைத்த மெத்தையைவிட இதை மேலாகச் சொல்கிறோம்.

எடை வித்தியாசம் இருவருக்கும் 40 கிலோவுக்கு மேல் என்றால் ஒரே கட்டிலில் இரண்டு தனி மெத்தைகளே சரி, அப்போது சரிவுப் பிரச்சினையே இல்லை. நடு இடைவெளிக்கு ஃபோம் பாலம் போட்டு, இரண்டையும் ஒரே விரிப்பால் இறுக்கிக் கட்டுங்கள்.

பார்க்கும்போது இருவரும் சேர்ந்து, வீட்டில் படுக்கும் அதே நிலையில், குறைந்தது கால் மணி நேரம் படுங்கள். ஒருக்களித்துப் படுத்தவரைப் பின்னாலிருந்து படம் எடுத்தால் கழுத்திலிருந்து இடுப்பெலும்பு வரை ஒரே கோடாக இருக்க வேண்டும். இடுப்பு தாழ்ந்தால் மெத்தை மென்மை. தோளும் இடுப்பும் வலித்து, இடுப்பு வளைவுக்கடியில் கை தாராளமாக நுழைந்தால் மேல்தட்டு கெட்டி.

கட்டிலை மறந்தால் எல்லாம் வீண்

ஆட்கள் இருவர் 240 கிலோ, மெத்தை 60 கிலோ என்றால் கட்டில் 300 கிலோவை ஒவ்வொரு இரவும் சுமக்கிறது. நடுவில் ஒரு சட்டமும், அதற்குத் தரையைத் தொடும் கால்களும் இல்லாத அகலக் கட்டிலில் எந்த மெத்தையும் தொய்யும். பலகைகளுக்கு நடுவே இடைவெளி 7 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, லேடெக்ஸுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கட்டும். குழி விழுந்ததாகத் தோன்றினால் முதலில் மெத்தையைத் தூக்கிவிட்டுப் பலகை வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதோடு, எவ்வளவு குழி விழுந்தால் மாற்றித் தருவார்கள் என்பதையும் படியுங்கள். பெரும்பாலும் 2.5 முதல் 4 செ.மீ. வரை கேட்பார்கள், அதுவும் ஆள் படுக்காத நிலையில். மெத்தையின் இரு ஓரங்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்து, ஆழமான இடத்தில் அளவுகோலை நிறுத்தி அளக்க வேண்டும். கறை பட்டாலோ, நடுக்கால் இல்லாத கட்டிலில் போட்டிருந்தாலோ கோரிக்கையைத் தள்ளிவிடுவது வழக்கம். ஆகவே முதல் நாளே நீர்புகா உறை போடுங்கள். பலகைகளையும் நடுக்கால்களையும் படமெடுத்து ரசீதோடு வையுங்கள். மூன்று மாதத்துக்கொரு முறை தலைப்பக்கத்தைக் கால்பக்கமாகச் சுழற்றுங்கள். பிளந்த தட்டுகள் உள்ள மெத்தையைச் சுழற்றும்போது இடமும் வலமும் மாறிவிடும். உள்ளே தட்டுகளையும் மாற்றி அடுக்கினால்தான் அவரவர் தட்டு அவரவர் பக்கம் வரும்.