கணினி மேசைக்கு மின்சாரம், இணையம், ஒலி: சுவருக்குள் போக வேண்டியது எது?

புதுச்சேரியிலோ கடலூரிலோ வீடு கட்டுபவர்கள் பூச்சு வேலைக்கு முன் எலக்ட்ரீஷியனிடம் "இங்கே ஒரு கம்ப்யூட்டர் பாயின்ட் வைத்துவிடுங்கள்" என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் மின்சாரம், நெட்வொர்க், ஒலி என்று மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. மின் வயரிங்கை ஒரு முறை ஒழுங்காகச் செய்துவிட்டால் ஒரு தலைமுறைக்குக் கைவைக்க வேண்டியதில்லை. நெட்வொர்க் கேபிளை என்றாவது மாற்ற நேரிடும். ஒலிக் கருவிகளோ அதற்குள் இரண்டு மூன்று வகை மாறிவிடும். ஆகவே எதைத் தேர்வு செய்தாலும், பின்னாளில் அதை மாற்றுவதற்குச் சுவரை உடைக்க வேண்டியிருக்குமா என்பதையே முதல் அளவுகோலாகக் கொள்வது நல்லது.

மின்சாரத்தில் போட்டி இரண்டு வழிகளுக்கு இடையில்தான்: சுவரில் ஒரே பிளக் பாயின்ட் வைத்து அதிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுப்பது, அல்லது ஆறு பிளக் பாயின்ட்டுகளைச் சுவரிலேயே பதிப்பது. சுமையை மட்டும் பார்த்தால் முதல் வழியே போதும். 230 வோல்ட்டில் ஒரு 6 ஆம்பியர் பிளக் 1,380 வாட் வரை தரும்; சாதாரண மேசைக் கணினி, திரை, ரவுட்டர் எல்லாம் சேர்ந்தாலும் அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. சிக்கல் சுமையில் இல்லை, இணைப்புகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று பட்டுப் பித்தளைத் தகடுகள் மங்கி, பிடிமானம் தளர்ந்து, பிளக்கைச் செருகும்போது மெல்லிய பொறி பறப்பதும், கழற்றிப் பார்த்தால் பின்னின் ஓரம் கறுத்திருப்பதும் வழக்கமாகக் காணக் கூடியவை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்பது அப்படித் தளரக் கூடிய இடங்களைப் பெருக்குகிறது. தரையில் கிடந்து தூசியையும் துடைப்பத் தண்ணீரையும் வாங்கிக்கொள்கிறது. ஆறு பாயின்ட் பதிக்க ஆகும் கூடுதல் செலவு அந்தக் கட்டத்தில் சிறியது என்பதால் இரண்டாம் வழியையே நான் சொல்வேன். போர்டு வரை 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் வரட்டும். அடாப்டர்கள் பக்கத்து ஓட்டையை மறைத்துவிடும் என்பதால் பிளக்குகளுக்கிடையே ஒரு டம்மி இடம் விட்டு வைப்பது பயன் தரும். லேசர் பிரிண்டர் உருளையைச் சூடாக்கும் நேரங்களில் சட்டென்று அதிக மின்சாரம் இழுக்கும், அதை யு.பி.எஸ். வழியில் சேர்க்காமல் நேரடி பிளக்கில் விட வேண்டும்.

யு.பி.எஸ்.ஸா, வீட்டு இன்வெர்ட்டரா என்பது அடுத்த கேள்வி. கணினிக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கிப் பெட்டி, மின்சாரம் நின்ற பிறகும் ஏறக்குறைய 16 மில்லி நொடி தாக்குப்பிடிக்கும்படி வடிவமைக்கப்படுகிறது. இன்வெர்ட்டரை அதிலுள்ள யு.பி.எஸ். நிலையில் வைத்திருந்தால் பொதுவாக அதற்குள் பேட்டரிக்கு மாறிவிடும். சாதாரண நிலையில் வைத்திருந்தால் அந்த நேரத்துக்குள் மாறாமல் போகலாம், கணினி அணைந்து மறுபடி ஓடத் தொடங்கும். சதுர அலை இன்வெர்ட்டர்களோடு சில புதிய எஸ்.எம்.பி.எஸ்.கள் ஒத்துப்போவதில்லை என்பதால் சைன் அலை இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் மட்டுமே யு.பி.எஸ்.ஸைத் தவிர்க்கலாம். அப்படியானால் ஆறில் இரண்டு பிளக்குகளை இன்வெர்ட்டர் லைனில் எடுத்து, வேறு நிறத்தில் அடையாளப்படுத்துவது போதும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையைக் கடந்த பின் இங்கே பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய வெட்டுக்கு எந்த பேட்டரியும் ஈடுகொடுக்காது. ரவுட்டருக்கு மட்டும் 12 வோல்ட் சிறு யு.பி.எஸ். வைத்தால் அன்றாட மின்வெட்டுகளைக் கடந்துவிடலாம்.

பிளக்கின் உயரத்தைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் வைத்தால் வயர்கள் மேசைக்கடியில் மறைந்து அழகாக இருக்கும். ஆனால் 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டி, தாழ்வான தெருக்களில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அடுத்து வந்த தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கத்தையும் விடவில்லை. புதுச்சேரியின் ரெயின்போ நகர் போன்ற தாழ்வான இடங்களில் வசிப்பவர் மேசைப் பலகைக்கு மேலே, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வைப்பதே சரி. வயர் கண்ணுக்குத் தெரிந்தால் தெரியட்டும்.

எந்த வழியில் போனாலும் எர்த் விட்டுப்போகக் கூடாது. வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் நின்று கணினி கேபினெட்டின் பின்புற ஸ்க்ரூவைத் தொட்டால் சுரீரென்று ஒரு கூச்சம் விரலில் ஏறுகிறதென்றால், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் வழியே கசியும் சிறு மின்னோட்டத்துக்குப் போக வழியில்லை என்று பொருள். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக்கைப் பொருத்திவிட்டு இரண்டு வயரை மட்டும் இணைத்திருப்பது அரிதல்ல.

நெட்வொர்க்கில் மூன்று வழிகள் மோதுகின்றன. வைஃபைக்குச் சுவரில் வேலையே இல்லை. கூடத்தில் ரவுட்டரும் அடுத்த அறையில் மேசையும் இருந்தால் அது போதும். ஆனால் வேகம் தரும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இரண்டைத் தாண்டும்போதே தளர்ந்துவிடுகிறது. கான்கிரீட் தளத்தைக் கடந்து மாடிக்குப் போனால் இன்னும் மோசம். மின் வயர் வழியாகவே இணையத்தைக் கடத்தும் பவர்லைன் அடாப்டர் கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, சுவரைத் தொட வேண்டியதில்லை. நம் வீடுகளில் அது தடுமாறும் இடம் வேறு: மூன்று பேஸ் இணைப்புள்ள வீட்டில் கூடம் ஒரு பேஸிலும் படிப்பறை இன்னொன்றிலும் இருந்தால் சிக்னல் மெலிந்துவிடும், இன்வெர்ட்டர் லைன் தனியாகப் பிரிந்திருந்தால் அதிலும் அதே கதை. வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கக் கூடிய கடையில் மட்டும் வாங்கலாம்.

மீதமிருப்பது கேபிள். கேட் 5இ, கேட் 6 என்ற இரு வகை நெட்வொர்க் கேபிள்களுமே நூறு மீட்டர் வரை ஒரு கிகாபிட் வேகம் தரும். கேட் 6 ஏறக்குறைய 55 மீட்டர் வரை பத்து கிகாபிட்டும் தாங்கும். எந்த வீட்டிலும் அந்தத் தூரம் வராது என்பதால் அதையே போடலாம். அதைவிட முக்கியமானது உள்ளே இருப்பது முழுச் செம்பா என்பது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிளின் கம்பியை பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். அதை ஜாக்கின் பற்களுக்குள் அழுத்தும்போது எளிதில் ஒடியும். இரண்டு முனைகளிலும் உள்கம்பிகள் ஒரே நிற வரிசையில், வழக்கமாக டி568பி எனப்படும் வரிசையில், இருக்க வேண்டும். கேபிளை மின் வயரோடு ஒரே பைப்பில் நுழைக்கவே கூடாது. தனியாக 25 மி.மீ. பி.வி.சி. பைப் போட்டு, இரண்டு கேபிள் இழுத்து, உள்ளே ஓர் இழுவைக் கம்பியையும் விட்டுவைத்தால் நாளை கண்ணாடி இழைக் கேபிளே (ஃபைபர்) வேண்டுமென்றாலும் சுவர் உடையாது. மின் பைப்பைக் குறுக்கிட நேர்ந்தால் நேர்செங்குத்தாகக் கடக்க வேண்டும்.

ஒலியில்தான் பலர் அழகுக்கு மயங்கிவிடுகிறார்கள். மின் பிளக்குக்குப் பக்கத்திலேயே ஹெட்போன் செருகும் 3.5 மி.மீ. ஜாக் பதித்த மாடுலர் பிளேட் கடையில் கிடைக்கிறது. ஒரே சட்டகத்தில் எல்லாம் அடங்கிவிடும். நெட்வொர்க் கேபிளைச் செருகும் ஈதர்நெட் போர்ட் ஒவ்வொன்றிலும் தனிமைப்படுத்தும் சிறு டிரான்ஸ்பார்மர் இருப்பதால் அதை எர்த் வேறுபாடு பாதிப்பதில்லை. ஒலி ஜாக்கில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. கணினி ஓர் அறையின் எர்த்திலும் ஆம்ப்ளிஃபையர் மற்றோர் அறையின் எர்த்திலும் இருந்தால், ஒலிக் கேபிளின் உறை இரண்டையும் இணைத்து ஒரு வளையமாகி, ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் "உம்" என்று நிற்கும். இரண்டையும் ஒரே போர்டில் செருகினால் பெரும்பாலும் அடங்கும். ஒலியை ஒளியாக அனுப்பும் ஆப்டிகல் கேபிளில் மின் தொடர்பே இல்லாததால் இந்த இரைச்சலுக்கு இடமில்லை; ஆனால் பிளாஸ்டிக் இழையைச் சுவர் வளைவுகளில் இழுப்பது சரிப்படாது. ஒலியை யு.எஸ்.பி. வழியாக அனுப்பலாம் என்றால், யு.எஸ்.பி. 2.0 கேபிளின் எல்லை ஐந்து மீட்டர்தான்.

ஸ்பீக்கர் மேசையிலேயே இருந்தால் சுவரில் ஒலிக்காக எதுவும் வேண்டாம். எதிர்ச் சுவரில் ஸ்பீக்கர் வேண்டுமென்றால் ஜாக்கை விட்டுவிட்டு ஆம்ப்ளிஃபையரிலிருந்து ஸ்பீக்கர் வயரையே பதிக்கலாம்: 1.5 சதுர மி.மீ. வயரில் பத்து மீட்டர் தூரத்துக்குப் போகும் வயர், திரும்பும் வயர் இரண்டும் சேர்ந்த மின்தடை ஏறக்குறைய கால் ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டல்ல.

வாடகை வீட்டிலும், சுண்ணாம்புச் சுவர் கொண்ட பழைய புதுச்சேரி வீடுகளிலும் காடி வெட்டுவது பேச்சுக்கே இடமில்லாதது. அங்கே கேசிங் கேப்பிங்தான், அதாவது சுவர் மேலேயே பொருத்தி மூடும் பிளாஸ்டிக் பட்டைதான், வழி. அதையும் மின்சாரத்துக்கு ஒன்று, நெட்வொர்க்குக்கு ஒன்று என்று இரண்டு வரிசையாக, இடையில் அரை அடி விட்டு ஓட்ட வேண்டும். சுவர் மேல் பாக்ஸ் பி.வி.சி.யாக இருக்கட்டும், தகர பாக்ஸ் கடற்காற்றில் துருவேறி, காலி செய்யும் நாளில் ஸ்க்ரூ திரும்பாமல் பூச்சோடு பெயர்ந்து வரும்.